வெள்ளை அட்டையில் நான் எழுதிய நீச்சல்

மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டை இப்போது நீங்கள் கைபேசியில் நடத்துகிறீர்கள். கிட்டார் வாசிக்கிறவனும் கணக்குப் போடுகிறவளும் விரல் நுனியில் சந்தித்துக்கொள்கிறார்கள். சந்தோஷம். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உருப்படியாக ஏதாவது சொல்லச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். கைபேசியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆளைத் தப்பாக எடைபோடுவது எப்படி என்று கேட்டால் விலாவாரியாகச் சொல்லுவேன். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஒரு பாரலல் காலேஜில் நூலகப் பொறுப்பில் இருந்தேன். கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டு, பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படிக்கிற இடம் அது. நூலகம் என்றால் இரண்டு பீரோ, ஒரு நீள மேசை, நான். பாடம் எடுக்காவிட்டாலும் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் மறுத்ததில்லை.

எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு டியூஷன் வைத்துக்கொள்ள வழியில்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒரு கைவேலை, ஏதோ ஒரு வித்தை இருந்தது. அதனால் மேசைமேல் ஒரு செருப்புப் பெட்டி வைத்தேன். உனக்குத் தெரிந்ததை வெள்ளை அட்டையில் எழுது, உனக்கு வேண்டியதை மஞ்சள் அட்டையில் எழுது, ஜோடி சேர்ப்பது என் பொறுப்பு என்றேன். ஒரு வாரத்தில் பெட்டி நிறைந்துவிட்டது. திறந்து பார்த்தால் அத்தனையும் மஞ்சள்! இங்கிலீஷ் வேணும், டைப்பிங் வேணும், இங்கிலீஷ் புத்தகத்தில் எழுதியிருப்பது புரிய வேணும். வெள்ளை அட்டை ஒன்றுகூட இல்லை.

காரணம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் பக்கத்தில் யாரும் தனக்கு ஒன்று தெரியும் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது அகங்காரம். பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குப் பரிசு வாங்கிய பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அய்யோ டீச்சரே, நான் சும்மா வாய்க்குள்ள மூளுவேன், அவ்வளவுதான்" என்று ஓடிவிட்டாள்.

எனக்குப் பொறுமை கிடையாது. சரி, நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டு, அதையே பிள்ளையின் வெள்ளை அட்டையில் எழுதினேன். தையற்காரர் மகளுக்குத் தையல். வாத்தியார் மகனுக்குக் கணக்கு. ஜீப் ஓட்டுகிறவர் மகனுக்கு வண்டி ஓட்டுதல். ஒரே மதியத்தில் நாற்பது அட்டை எழுதி முடித்தேன். எனக்கு என்னைப் பற்றி அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

தையற்காரர் மகள் மெஷினில் கால் வைத்ததே இல்லை. 'நீயாவது படிச்சு மேல வா' என்று அப்பா அவளை மெஷின் பக்கமே விடவில்லை. வாத்தியார் மகன் கணக்கில் இரண்டு முறை தோற்றவன். ஜீப்காரர் மகனுக்கு வண்டியில் ஏறினாலே வாந்தி. இவையெல்லாம் பின்னால்தான் தெரியவந்தன. அதற்குமுன் வின்சென்ட் விஷயம் வெடித்தது.

வின்சென்ட் காரோட்டுக் கடற்கரைப் பையன். பி.ஏ. சரித்திரம், இரண்டாம் வருஷம். நூலகத்தின் மூலை பெஞ்சில் உட்கார்ந்து படிப்பான். வாய்க்குள் கொழுக்கட்டை இருக்கிறதோ என்று சந்தேகம் வரும், அவ்வளவுதான் பேச்சு. அவனுடைய மஞ்சள் அட்டையில், 'நாலு பேர் முன்னால் பேசப் படிக்க வேணும்' என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

"அப்பாவுக்கு என்ன ஜோலி?"

"கடலுக்குப் போவாரு டீச்சரே."

வெள்ளை அட்டையில் 'நீச்சல்' என்று எழுதினேன். அதைப் பார்த்து, "டீச்சரே, அது..." என்று இழுத்தான்.

"என்ன அது? கடல்காரப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாதுண்ணா மீனுக்கும் தெரியாது. போ."

போய்விட்டான்.

அடுத்த வாரம் ஹரிகுமார் ஓடிவந்தான். செங்கல் என்கிற ஊரைச் சேர்ந்தவன், எங்கள் காலேஜின் பேச்சாளன். மைக் இல்லாமலே முக்கு ரோடு வரை கேட்கும். தீயணைப்புப் படை வேலைக்கு எழுத்துத் தேர்வில் ஜெயித்திருந்தான்.

"ஓட்டம் சாட்டம் எல்லாம் ஜெயிச்சேன் டீச்சரே. ஆனா அம்பது மீட்டர் நீந்தணும். ஒரு மாசந்தான் உண்டு. எனக்கு முட்டளவு குளத்து வெள்ளம் கண்டாலே தலை சுத்தும்."

அவனுடைய ஜாதகத்தில் இருபத்தெட்டு வயது வரை ஜலகண்டம் என்று எழுதியிருந்ததாம். அதனால் அம்மா அவனைக் குளத்துப் பக்கமே விட்டதில்லை. மழை பெய்தால் முற்றத்தில் இறங்கக்கூட அவனுக்கு அனுமதி இல்லை என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

"இது கடைசி தடவையாக்கும். அடுத்த பரீட்சைக்கு வயசு கழிஞ்சு போவும். இது போச்சுண்ணா மாமனுக்க கோழித்தீவனக் கடைதான். காலம் முழுக்க நான் தவிடு அள்ளணும் டீச்சரே" என்றான். எப்போதும் மேடைக்குரலில் பேசுகிறவன் அன்று மெதுவாகச் சொன்னான். எனக்குப் பாவமாக இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். பேச்சு தெரிந்தவனுக்கு நீச்சல் வேண்டும். நீச்சல் தெரிந்தவனுக்குப் பேச்சு வேண்டும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். வின்சென்டைக் கூப்பிட்டு இரண்டு பேர் கையையும் சேர்த்து வைத்தேன். கல்யாணம் நடத்திவைத்த திருப்தி எனக்கு. அவன் மறுபடியும் "டீச்சரே, அது..." என்றான். நான் மறுபடியும் கேட்கவில்லை.

காலையில் காலி வகுப்பறையில் பேச்சுப் பயிற்சி நடக்கும். ஹரிக்கு ஒரே வகைப் பேச்சுதான் தெரியும், தேர்தல் பேச்சு. அதனால் வின்சென்ட் எதைப் பேசினாலும், 'பிரியப்பட்ட நாட்டுகாரே!' என்று கையை உயர்த்தித்தான் தொடங்குவான். முதல் வாரம் அது கொசு முனகுவதுபோல் கேட்டது. மூன்றாம் வாரம் நூலகத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மாலையில் செங்கல் வயலை ஒட்டிய குளத்தில் நீச்சல். ஹரி தினமும் வந்து வர்ணிப்பான்.

"அவன் வெள்ளத்துல எறங்கவே மாட்டான் டீச்சரே. பாண்டை முட்டு வரை மடக்கி வச்சுண்டு கரையிலேயே நிப்பான். கையைக் காட்டுவான், காலைக் காட்டுவான், மூச்சை எப்போ விடணும்ணு விசிலடிப்பான். ஒரிஜினல் கோச்சு அப்படித்தானாக்கும்!"

இன்னும் கேளுங்கள். ஹரியின் முதுகில் உரிக்காத நெற்றுத் தேங்காய் இரண்டைக் கட்டி மிதக்கவிட்டானாம். அது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அதற்குமேல் இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை தென்னைமரத்தில். அதுவும் போதாதென்று, எருமை குளிப்பாட்டும் ஒரு ஆள் குளத்தில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வகுப்பு. அவர் கிளம்பினால் வகுப்பு முடிந்தது. எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நான் பிரின்சிப்பாலிடம்கூடச் சொன்னேன். நீந்தத் தெரிந்த எவன் இவ்வளவு பயப்படுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் எங்கள் பீரோவில் நீச்சலைப் பற்றி ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் உண்டு. யாரோ தானமாகத் தந்தது. என் காலத்தில் அதை ஒருவரும் எடுத்ததில்லை. அந்த மாதம் வின்சென்ட் அதை எடுத்தான். பிறகு மூன்று முறை கெடு நீட்டினான். ஒவ்வொரு முறையும் முத்திரை குத்தியவள் நான்தான்.

நீச்சல் தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மதியம் வின்சென்டின் அம்மா காலேஜுக்கு வந்தார். மாதா கோவில் திருநாளுக்கு அவனை வீட்டுக்குக் கூப்பிட வந்திருந்தார். நான் பெருமையோடு நாற்காலி போட்டு, "உங்க மகன் நீச்சல் படிப்பிக்கான், தெரியுமா?" என்றேன்.

"எனக்க மவனா? நீச்சலா?" அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டீச்சரே, கிணத்துல நான் வெள்ளம் கோருனா, கயித்தை நான் பிடிப்பேன், எனக்க முந்தியை அவன் பிடிப்பான்!"

"கடல்காரப் பிள்ளையில்லியா?"

"அஞ்சு வயசுல பெருங்கடவிளையில எனக்க அக்கா வீட்டுல கொண்டு விட்டதாக்கும். இவன் கடலுக்குப் போகாண்டாம், படிக்கட்டுண்ணு அவனுக்க அப்பன் சொன்னாரு. கடலை இவன் கரையில நிண்ணு கண்டதோட சரி."

சிரித்துக்கொண்டே இருந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அன்றைக்குத்தான் ஹரியின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் குளத்தைக் குறுக்கே நீந்த வைப்பதாக இருந்தது.

ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் ஓடினோம். வரப்பில் என் செருப்பு ஒன்று போயிற்று. குளக்கரையை எட்டியபோது ஹரி நட்டநடுக் குளத்தில் இருந்தான். கயிறு இல்லை, தேங்காயும் இல்லை. கரையில் வின்சென்ட், மடக்கிய பாண்டும் விசிலுமாக, "மூச்சு விடு! கையை நீட்டு! பேடிக்காண்டாம்!" என்று கத்திக்கொண்டிருந்தான். எருமைக்காரர் எதிர்க்கரையில் எருமையின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். தப்பைக் கண்டுபிடித்தவுடன் கத்திச் சொல்லவேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மை நம் பக்கம் இருக்கிறதே! ஆனால் நடுக்குளத்தில் இருக்கிறவனிடம், 'உனக்குச் சொல்லித்தருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது' என்று கத்தினால் அவன் அந்த நிமிடமே மூழ்குவான். அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது பாதி தண்ணீர், பாதி அந்த நம்பிக்கை. வின்சென்டின் அம்மா, "எலே வின்..." என்று தொடங்கினார். நான் என் வாயை மூடிக்கொண்டேன். அவர் வாயையும் என் கையால் பொத்தினேன். வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய உத்தியோகக் காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் என் விரலைக் கடித்துவிட்டார், அது வேறு கதை.

ஹரி அக்கரை தொட்டான். திரும்பியும் வந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "கண்டியாலே!" என்று கையைத் தூக்கினான்.

அப்போதுதான் வின்சென்ட் எங்களைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு நிமிடம் பழைய கொழுக்கட்டை வாய் திரும்பியதுபோல் இருந்தது. பிறகு நெஞ்சை நிமிர்த்தி, வலது கையை உயர்த்தினான்.

"பிரியப்பட்ட நாட்டுகாரே!"

நாட்டுக்காரர் என்று அங்கே இருந்தது நாங்கள் இருவரும், ஹரியும், எருமைக்காரரும், இரண்டு எருமைகளும்.

"எனக்கு நீச்சல் தெரியாது! ஒரு நாளும் தெரிஞ்சதில்ல! நான் சொன்னதெல்லாம் லைப்ரரி புஸ்தகத்துல உள்ளதாக்கும். டீச்சர் கேட்டது எனக்க அப்பனுக்க ஜோலியை. எனக்கு என்ன தெரியும்ணு கேக்கல்ல. சொல்லணும்ணு ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். எனக்கு அப்போ பேசத் தெரியாது. இப்போ ஹரியண்ணன் படிப்பிச்சுத் தந்ததுனால சொல்லுகேன்!"

குளத்தை இரண்டு முறை கடந்த ஹரி, இடுப்பளவு தண்ணீரில் முழங்கால் மடங்கி மூழ்கினான். எருமைக்காரர்தான் வந்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு வெட்கம். கடலுக்குப் போகவேண்டாம் என்று ஒரு தகப்பன் ஐந்து வயதுப் பிள்ளையைப் பிரிந்திருக்கிறார். நான் ஒரே வரியில் அவனைத் திரும்பக் கொண்டுபோய் அந்தக் கடலில் போட்டுவிட்டேன். அதற்கு உதவி என்று பெயரும் வைத்திருந்தேன்.

ஹரி கரையில் உட்கார்ந்து இருமினான். "எலே, நீ என்னைக் கொல்லப் பாத்தியா? நான் படிச்சதெல்லாம் பொய்யா? நான் டெஸ்டுக்குப் போகல்ல. கோழித்தீவனம் வித்துக்கிடுகேன்."

"நீதான் நீந்தினியே ஹரி, நான் கண்ணால் பார்த்தேனே" என்றேன்.

"அது அவனுக்குத் தெரியும்ணு நினைச்சு நீந்துனது டீச்சரே."

வின்சென்ட் தன் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து என்னிடம் தந்தான். அந்தத் தடித்த புத்தகத்தில் பாதியை, அகராதியை வைத்துக்கொண்டு, நம் ஊர்ப் பேச்சில் எழுதி வைத்திருந்தான். 'வெள்ளத்தைப் பிடிக்கப் பாக்காண்டாம், அது கையில நிக்காது. அதுமேல சாய்ஞ்சு கிட.' இப்படிப் பக்கம் பக்கமாக. படிக்கப் படிக்க, எனக்கே நீந்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. இங்கிலீஷ் புத்தகத்தைப் புரியவைக்க ஆள் வேண்டும் என்று ஆறு பேருடைய மஞ்சள் அட்டை என் பெட்டியில் காத்துக்கிடந்தது. அந்த ஆள் தினமும் என் கண்முன் மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

நான் ஒரு நல்ல அறிவுரைக்குத் தொண்டையைச் சரிசெய்தேன். அதற்குள் வின்சென்டின் அம்மா ஹரியின் முன்னால் போய் நின்றார்.

"மக்கா, ஒனக்கு நீச்சல் தெரியுமா, தெரியாதா? தெரியும்ணா எனக்க மவனுக்குப் படிப்பிச்சுக் குடு. தெரியாதுண்ணா தவிடு விக்கப் போ. ரெண்டுல ஒண்ணு இப்போ சொல்லு."

ஹரி எழுந்து, பழிவாங்கும் முகத்தோடு வின்சென்டின் இடுப்பில் கயிற்றைக் கட்டினான்.

அடுத்த நான்கு நாளும் வகுப்பு தலைகீழாக நடந்தது. வின்சென்ட் தண்ணீரில், ஹரி அவன் பக்கத்தில், நோட்டுப் புத்தகம் கரையில் என் மடியில். நான் வாசிப்பேன், ஹரி செய்து காட்டுவான், வின்சென்ட் தண்ணீர் குடிப்பான். மூன்றாம் நாள் ஹரி, "நிறுத்துங்க டீச்சரே, புஸ்தகத்துல உள்ளது தப்பு. காலை அப்படி அடிக்கப்பிடாது, இப்படியாக்கும் அடிக்கணும்" என்று நோட்டோடு சண்டை போட்டான். இவன் தேர்வுக்குப் போய்விடுவான் என்று எனக்கு அப்போது நிச்சயமாயிற்று.

அந்தத் திங்கட்கிழமையே நான் எழுதிய நாற்பது வெள்ளை அட்டையையும் கிழித்துப் போட்டிருந்தேன். மறுபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் நம் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். அதனால், "உன்கிட்ட எதுக்கு ஆள் தேடி வரும்?" என்று கேட்டேன். மடமடவென்று சொன்னார்கள். தையற்காரர் மகளிடம் அக்கம்பக்கத்தார் மனு எழுத வருவார்களாம். ஜீப்காரர் மகனிடம் ரேடியோ ரிப்பேருக்கு வருவார்களாம். உங்கள் கைபேசியில் என்ன கேள்வி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை திறந்து பாருங்கள்.

தேர்வு நாளன்று வின்சென்ட் வர மறுத்தான். அவனுக்கு வெட்கம். "நீ கரையில நிக்கல்லேண்ணா நான் எறங்க மாட்டேன்" என்று ஹரி பிடிவாதம் பிடித்தான். நானும் லீவு போட்டுவிட்டு அவர்களோடு பஸ் ஏறினேன். திருவனந்தபுரத்தில் நீல ஓடு பதித்த நீச்சல் குளம். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஐம்பது மீட்டர். நாங்கள் அதுவரை அத்தனை சுத்தமான தண்ணீரைக் கண்டதில்லை. அடி தெரிந்தது, அதுதான் பயமே.

விசில் அடித்ததும் ஹரி குதித்தான். வின்சென்ட் வேலிக்கு வெளியேதான் நின்றான். பாதி தூரத்தில் ஹரியின் கை சோர்ந்தது, தலை மேலே வருவது குறைந்தது. வின்சென்ட் வேலியைத் தாண்டிவிட்டான். குளத்தின் விளிம்பிலேயே, ஹரிக்கு நேராக ஓடிக்கொண்டே, நாட்டுக்காரர் அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில், "மூச்சு விடு! கையை நீட்டு! இன்னும் கொஞ்சந்தான், அண்ணா!" என்று கத்தினான். காவலுக்கு நின்றவர் அவனைப் பிடிக்க ஓடினார். ஹரி ஒவ்வொரு கைவீச்சாக வந்து சுவரைத் தொட்டான். வின்சென்ட் சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தான். ஓடு ஈரம். நேராக ஆழத்தில் விழுந்தான்.

நான்கு நாள் பாடம் நான்கு விநாடி தாங்கியது. காவலர் இன்னும் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஹரி மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. சுவரை உதைத்துத் திரும்பி, முங்கி, வின்சென்டின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டான்.

அதிகாரி நேரக் கடிகாரமும் கையுமாக வந்து நின்றார். தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தவனைக் காட்டி, "இது ஆரா?" என்று கேட்டார்.

ஹரி காலரை விடவில்லை. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"எனக்கு நீச்சல் படிப்பிச்ச சாராக்கும்" என்றான்.

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹரியின் பெயருக்கு நேரே டிக் போட்டார்.